கேப்டன் வழுக்கிய தரை

கேப்டன் தியெப் தரையில் மல்லாந்து கிடந்தார். ஆனால் கையிலிருந்த தேநீர்க் கோப்பை நேராக இருந்தது.

சம்பந்தம் பேச வந்த மனிதர், காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பார்க்கக் கோப்பையோடு வாசல் பக்கம் போனார். திரும்பும்போது கால் வழுக்கியது. வாசலில் புறப்பட்டவர் மேசைக்கு அடியில் நுழைந்து, முன்னோர் படங்கள் வைத்த அலமாரியைக் கடந்து, சமையலறையில் குளிர்சாதனப் பெட்டியில் முட்டித்தான் நின்றார். ஏழு மீட்டர் இருக்கும். ஒரு சொட்டுத் தேநீர் சிந்தவில்லை.

“முப்பத்திரண்டு வருஷம் கடல்ல இருந்தேன்,” என்றார் கிடந்தபடியே. “பதினோரு புயல் பாத்தேன். ஒரு தடவைகூட விழல.”

“இந்த வருஷம் நோம் கொஞ்சம் அதிகம், கேப்டன்,” என்றார் வின்.

வின் பெண்ணைப் பெற்றவர். வியட்நாமின் ஹைஃபோங் துறைமுகத்தில், உறைந்த மீன் ஏற்றிப்போகும் குளிர் கன்டெய்னர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அவர் சொன்னதில் பொய் இல்லை. தெட் புத்தாண்டு முடிந்ததும் கடலிலிருந்து தூறலோடு ஏறி வரும் அந்த நோம் காற்றில் தரைத்தள வீடுகள் எல்லாமே வியர்க்கும். சுவர் வியர்க்கும், கண்ணாடி வியர்க்கும், பீரோவில் மடித்து வைத்த கோட்டில் காளான் முளைக்கும். பக்கத்துச் சந்தில் ஒரு வீட்டில் அந்தக் காளானைப் பறித்து சூப் வைத்தார்கள். உப்பு கொஞ்சம் குறைவு என்று பேச்சு.

நான்கு பேர் சேர்ந்து கேப்டனைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவர் மிச்சத் தேநீரைக் குடித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

“நிச்சயத்துக்கு ஒன்பது தட்டு வரும். ஒன்பது பேர் தூக்கிட்டு வருவாங்க. ஒன்பது பேரும் இங்க வரிசையாப் போய் உங்க ஃப்ரிட்ஜுல முட்டறதுக்கா? தரை காயட்டும் தம்பி. அப்புறம் பேசலாம்.”

“நாள் குறிச்சாச்சே. ரெண்டாம் மாசம் பதினாறு,” என்றாள் வின்னின் மனைவி மியென்.

“அதுக்குள்ள காஞ்சா வர்றோம். காயலேன்னா லாம் கப்பலேறிட்டு வந்தப்புறம் வச்சுக்கலாம்.”

மாப்பிள்ளை லாம் இருபதாம் தேதி கப்பலேறினால் கரைக்குத் திரும்பப் பத்து மாதம் ஆகும். பெண் ஙா சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். கன்டெய்னருக்குள் இருக்கும் குளிர் முழுக்க அந்தப் பார்வையில் இருந்தது.

“என் வீட்டை நானே வரைஞ்சு கட்டினேன்,” என்றார் கேப்டன் கிளம்பும்போது. “கப்பல் மாதிரி. முப்பது வருஷம் ஆச்சு. ஒருத்தனும் வழுக்கினதில்ல.”

அவர் மனைவி லோவான் அம்மா ஏதோ சொல்ல வாய் திறந்தார். பிறகு ஓர் ஆரஞ்சுச் சுளையை எடுத்து அந்த வாயில் போட்டுக்கொண்டார். அவ்வளவு நேரமும் அவர் பேசியது இவ்வளவுதான்.

அவசரத்தில் வின் ஒரு வார்த்தை விட்டார்.

“தரை காயுதா இல்லையான்னு நான் சொல்ல வேணாம் கேப்டன். நீங்களே உங்க ஃபோன்ல பாருங்க. எங்க வீட்டு வெப்பம், ஈரப்பதம் ரெண்டையும் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் கோடா வரைஞ்சு காட்டற மாதிரி ஒண்ணு பண்ணித் தர்றேன்.”

கேப்டன் கண்ணில் முதல் முறையாக மரியாதை தெரிந்தது. எண் என்றால் அவருக்கு உயிர்.

“ஈரப்பதம் எண்பதுக்குக் கீழ இறங்கினா வர்றேன்,” என்றார். “அதுவரைக்கும் சம்பந்தின்னு கூப்பிட மாட்டேன்.”

*

கருவி சுலபமாகக் கிடைத்தது. கன்டெய்னரோடு கடல் தாண்டிப் போய் வரும் பதிவுக் கருவிகளில் வயதான ஒன்றை, மேலாளரிடம் கேட்டு வின் வீட்டுக்குக் கொண்டுவந்தார். சோப்புக் கட்டி அளவு. உள்ளே பேட்டரி, சிம் அட்டை, எல்லாம் உண்டு. கம்பி வேண்டாம். பூமியில் எங்கே கிடந்தாலும் எண்ணை அனுப்பிக்கொண்டே இருக்கும்.

அந்த எண்களை வாங்கிக் கோடாக வரையும் இணையச் செயலிதான் இழுத்தடித்தது. மதியச் சாப்பாட்டு வேளைகளில் துறைமுகக் கேன்டீனில் உட்கார்ந்து, ஒரு கையில் நூடுல்ஸும் மறு கையில் விசைப்பலகையுமாக வின் நான்கு நாளில் அதை எழுதி முடித்தார். வெப்பத்துக்குச் சிவப்புக் கோடு, ஈரத்துக்கு நீலக் கோடு. கீழே மணி, பக்கவாட்டில் எண். பார்க்க அழகாகத்தான் இருந்தது. சுட்டியைக் கேப்டனுக்கு அனுப்பினார்.

ஐந்தாவது நிமிடம் ஃபோன் வந்தது.

“தம்பி, எல்லாரும் உயிரோட இருக்கீங்களா?”

“இருக்கோம் கேப்டன். ஏன்?”

“உங்க வீட்டுல வெப்பம் தொண்ணூத்தி மூணு டிகிரின்னு போட்டிருக்கு. ஈரம் இருபத்தி ரெண்டு. தேயிலையைக் கூடத்துல தூவினாலே தேநீர் ஆயிடும் போலிருக்கே.”

வின் கோடுகளைத் தலைகீழாக மாட்டியிருந்தார். மாற்றினார். வெப்பம் இருபத்திரண்டு, ஈரம் தொண்ணூற்று மூன்று. தேநீர் ஆபத்து நீங்கியது. கல்யாண ஆபத்து அப்படியே நின்றது.

அடுத்த தொந்தரவு மியெனிடமிருந்து வந்தது.

“இதை எங்க கூடத்துல வைக்கக் கூடாது. உங்க அப்பா படத்துக்குப் பக்கத்துல சிவப்புக் கண்ணைச் சிமிட்டுது. ஊதுபத்தி ஏத்தும்போது யாரைக் கும்பிடறதுன்னே தெரியல.”

“கூடத்துலதான் வைக்கணும். கேப்டன் விழுந்தது கூடத்துல.”

“என் கண்ணுல படக் கூடாது.”

வின் யோசித்தார். அலமாரியின் மேல் தெட்டுக்கு வந்த சிவப்புத் தேயிலை டப்பாக்கள் நான்கு வரிசையாக நின்றன. ஹைஃபோங்கில் யாரும் அந்த டப்பாக்களைத் திறப்பதில்லை. ஒருவர் கொடுப்பார், வாங்கியவர் இன்னொருவருக்குக் கொடுப்பார், அடுத்த தெட் வரை அவை ஊரைச் சுற்றிக்கொண்டே இருக்கும். அனுபவத்தில் அவை கேப்டனுக்கு நிகர்.

மியென் சந்தைக்குப் போன நேரத்தில் இடமிருந்து இரண்டாவது டப்பாவை இறக்கி, தேயிலையை ஒரு பாட்டிலில் கொட்டிவிட்டு, அடியில் ஆணியால் எட்டு ஓட்டை போட்டு, கருவியை உள்ளே வைத்தார். கனம் கிட்டத்தட்ட அதேதான். மூடியைச் சுற்றிப் புது டப்பாவில் இருப்பது போலவே ஒட்டுப்பட்டையை இழுத்து ஒட்டி, பழைய இடத்திலேயே வைத்தார். பிறகு கேப்டனைக் கூப்பிட்டுத் தகவல் சொன்னார்.

“கருவியை சீல் வச்சாச்சு.”

“நல்லது. இனி பயணம் முடியற வரைக்கும் திறக்கக் கூடாது.”

“எனக்குத் தெரியாதா கேப்டன். இருபத்தி ரெண்டு வருஷத்துல வழியில ஒரு சீலைத் தொட்டதில்ல.”

துறைமுகக்காரருக்கும் கப்பல்காரருக்கும் அது வேதம். சீல் வைத்த பெட்டியை நடுவழியில் திறந்தால் அதற்குப் பிறகு வரும் எந்த எண்ணும் செல்லாது. கப்பலே கவிழ்ந்தாலும் சீலோடு கவிழ வேண்டும்.

மறுநாள் மியென், விழுந்த மனிதரை விசாரிக்காமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று ஒரு கூடை தயார் செய்தாள். முதுகுக்குத் தைலம், பத்து ஆரஞ்சு, தூசி படியாததாகப் பார்த்து ஒரு டப்பா தேயிலை, பொரித்த இறால் அப்பளம் இரண்டு கட்டு. ஙா ஸ்கூட்டரில் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டில் இரண்டு மணி நேரம் தாமதித்துத் திரும்பினாள். அதே மாலை எதிர்வீட்டிலிருந்து ஒரு சிவப்பு டப்பா வந்து சேர்ந்தது. மியென் அதை அலமாரி மேல் ஏற்றினாள். வழக்கம்தானே.

அடுத்த நாள் காலையில்தான் நீலக் கோடு வாலைத் தூக்கியது.

“தம்பி,” என்றார் கேப்டன் ஃபோனில். “காலையில அஞ்சு நாப்பதுக்கு உங்க வீட்டு ஈரம் தொண்ணூத்தொம்பது. வெப்பமும் ஏழு டிகிரி ஏறியிருக்கு. ஆறரை வரைக்கும் அப்படியே நிக்குது. யாரு அது, முக்கால் மணி நேரம் வெந்நீர்ல ஊறறது?”

“எங்க வீட்டுல யாரும் அப்படிக் குளிக்கறதில்லையே.”

“எண் பொய் சொல்லாது. வீட்டுக்குள்ள ஒரு எருமை இருக்கு. கண்டுபிடிங்க.”

வின் விசாரணை நடத்தினார். மியென் ஏழு மணிக்குக் குளிப்பவள். ஙா எட்டுக்கு. எருமை யார் என்று தெரியவில்லை. சந்தேகத்துக்கு இடம் தர வேண்டாமென்று வெந்நீர் இயந்திரத்தைக் கழற்றிப் படுக்கைக்கு அடியில் தள்ளினார். குடும்பமே நடுங்கிக்கொண்டு குளித்தது.

மறுநாள் ஐந்து நாற்பதுக்குத் தொண்ணூற்றொன்பது.

சமையல் ஆவியாக இருக்கலாம் என்று சூப்பைத் தடை செய்தார். ஹைஃபோங்கில் நண்டு நூடுல்ஸ் சூப்பைத் தடை செய்த முதல் மனிதர் அவர்தான். மியென் மூன்று நாள் நூடுல்ஸை வெறுமனே தட்டில் போட்டு வைத்து, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எண் தொண்ணூற்றெட்டு.

கேப்டனுக்குப் புதுப்புது ஆசைகள் வந்தன. நேற்றையும் இன்றையும் ஒரே படத்தில் காட்டச் சொன்னார். வின் காட்டினார். எந்த மணியைத் தொட்டாலும் அந்த நேரத்து எண் தெரிய வேண்டும் என்றார். தெரிந்தது. தொண்ணூற்றைந்தைத் தாண்டினால் தன் ஃபோனில் மணி அடிக்க வேண்டும் என்றார். வின் அதையும் எழுதிக் கொடுத்தார்.

இரண்டே நாளில் அதற்கும் திட்டு விழுந்தது.

“உங்க வீட்டுக் கோளாறால நான் நிம்மதியாக் குளிக்க முடியல. சோப்புப் போட்டிருக்கும்போது பாத்து அடிக்குது.”

“மன்னிச்சிருங்க கேப்டன். சத்தத்தைக் குறைச்சுடறேன்.”

“சத்தத்தைக் குறைக்காதீங்க. ஈரத்தைக் குறைங்க. வீட்டுல ஜன்னல் இருக்கா?”

“இருக்கு. நாலு. எல்லாத்தையும் மூடி ஓரத்துல டேப்பு ஒட்டியிருக்கேன்.”

“இல்ல தம்பி. இது மூடின ஜன்னல் இல்ல, ஜன்னலே இல்லாத அறை. கோட்டைப் பாத்தாலே சொல்லுவேன். கப்பல்ல எத்தனை அறை பாத்திருக்கேன். ஆவி மேல போகுது, வெளிய போக வழி தெரியாம அங்கேயே நிக்குது. ஜன்னல் வைக்காம இப்படி ஒரு அறையைக் கட்டினவன் எவன்னு தெரிஞ்சா, அவனைக் கல்லைக் கட்டிக் கடல்ல இறக்கணும்.”

“எங்க தாத்தா காலத்து வீடு,” என்றார் வின் தாழ்ந்த குரலில்.

“செத்தவரைத் திட்டல. பொதுவாச் சொல்றேன்.”

தேதி நெருங்கியது. வின் தன்னிடமிருந்த எல்லா ஆயுதங்களையும் எடுத்தார். தரையை ஈரத் துணியால் துடைப்பது குற்றம் என்று அறிவித்தார். நனைந்த துணிகள் மூன்று சந்து தள்ளியிருந்த மச்சினன் வீட்டு மாடிக்குப் போயின. மீன் தொட்டி, மீன்களோடு, எதிர்வீட்டுக்குப் போனது. துறைமுகக் கிடங்கிலிருந்து ஈரம் உறிஞ்சும் பெரிய இயந்திரம் ஒன்று இரவலாக வந்து கூடத்தின் நடுவில் உறுமியது. கட்டில்களுக்கு அடியில் கரி மூட்டை, பீரோக்களில் சுண்ணாம்பு.

வீடு காய்ந்தது. அந்த ஊரில் அந்தப் பருவத்தில் எந்த வீடும் அப்படிக் காய்ந்ததில்லை. உப்பு ஜாடியில் உப்பு பொலபொலவென்று உதிர்ந்தது. கதவுகள் சுருங்கி, பூட்டியிருக்கும்போதே திறந்துகொண்டன. பூனையைத் தடவினால் பொறி பறந்தது; அது பயந்து மீன்களைத் தேடி எதிர்வீட்டுக்கே குடிபோனது. இறால் அப்பளம் ஐந்து நாள் தட்டில் திறந்து கிடந்து, ஆறாம் நாள் கடித்தபோது எதிர்வீட்டுக்காரர் என்ன உடைந்தது என்று எட்டிப் பார்த்தார்.

எண் தொண்ணூற்றெட்டு.

“என்னங்க, என் உதடு வெடிச்சிருச்சு,” என்றாள் மியென். “இந்த வீட்டுல ஈரம் இருக்குன்னு உங்க ஃபோன் மட்டும்தான் சொல்லுது. அந்தக் கருவியை எடுத்துப் பாருங்க. எங்க வச்சிருக்கீங்க?”

வின் தலையைத் தூக்கி அலமாரியைப் பார்த்தார். நான்கு சிவப்பு டப்பாக்கள். இடமிருந்து இரண்டாவது தன் இடத்தில் ஒழுங்காக நின்றது.

“பத்திரமா இருக்கு. சீல் வச்சது. திறக்க முடியாது.”

“அப்பா,” என்றாள் ஙா. “தரையில தீக்குச்சியைக் கிழிச்சா பத்திக்குது.”

“தரை ஏமாத்தும்மா. மேலாகக் காஞ்ச மாதிரி காட்டும்.”

ஙா தீக்குச்சியை ஊதி அணைத்தாள். “லாம் பத்தொம்பதாம் தேதி பெட்டி கட்டறான். உங்க எண்ணைக் கட்டிக்கிட்டு நான் குடும்பம் நடத்திக்கறேன்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அன்று வின் செயலியில் புதிதாக ஒன்றும் எழுதவில்லை.

*

பதினான்காம் தேதி பிற்பகலில் கேப்டன் நேரிலேயே வந்துவிட்டார். கப்பல் மேல்தளத்தில் போடும் ரப்பர் பூட்ஸ். இடுப்பில் கயிறு. கயிற்றின் மறுமுனை வாசலில் நின்ற மாமரத்தில் கட்டியிருந்தது. ஒரு கையில் ஃபோன்.

“தொண்ணூத்தி ஏழு,” என்று வாசலில் நின்று வாசித்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, பாலைவனம் போலக் காய்ந்து கிடந்த தரையில், ஓர் அடிக்கு ஒரு நிமிடம் என்று நகர்ந்து வந்தார்.

“தரை காஞ்சிருக்கு கேப்டன்,” என்றாள் மியென். “புழுதியே பறக்குது.”

“கண்ணுக்கு அப்படித்தான் தெரியும்மா. கடல்லயும் தூரத்துல தீவு தெரியும். கிட்டப் போனா இருக்காது.”

வின் தலையாட்டினார். இந்த உலகத்தில் அவரைப் புரிந்துகொண்ட ஒரே மனிதர் அவரை நிராகரிக்க வந்திருந்தார்.

பின்னால் லோவான் அம்மா சாதாரணச் செருப்போடு சாதாரணமாக நடந்து வந்து உட்கார்ந்தார். கூடையிலிருந்து ஆரஞ்சுகளையும் ஒரு சிவப்புத் தேயிலை டப்பாவையும் எடுத்து மேசையில் வைத்தார். அதை யாரும் கவனிக்கவில்லை. தெட் டப்பாவை யார் கவனிப்பார்கள்.

“நேரடியாச் சொல்றேன்,” என்றார் கேப்டன். “நாளை மறுநாள் நிச்சயம் நடக்காது. நான் சொன்ன சொல் ஒண்ணுதான். எண்பது.”

“ஒரு கோப்பை தேநீராவது குடிங்க,” என்றாள் மியென்.

ஒரு கோப்பை குடித்தார். வழக்கப்படி ஃபோனைப் பார்த்தார். பூட்ஸை ஒரு முறை தரையில் அழுத்திப் பார்த்தார். மறுபடி ஃபோனைப் பார்த்தார்.

“தொண்ணூத்தி ரெண்டு.”

வின் நிமிர்ந்தார். சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஏதோ பாத்திரம் நகர்ந்தது.

இரண்டாவது கோப்பையின் முடிவில் எண்பத்தேழு. ஈரம் உறிஞ்சும் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. கேப்டன் இடுப்புக் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தினார்.

“எப்படித் தம்பி இது?”

“மூணு வாரமா வேலை பண்ணிட்டிருக்கேன் கேப்டன்,” என்றார் வின். தன் குரலே அவருக்கு அந்நியமாகக் கேட்டது. “எண் கொஞ்சம் நிதானமாத்தான் உண்மையைப் பிடிக்கும்.”

மூன்றாவது கோப்பைக்கு எண்பத்து மூன்று. நான்காவதையும் மியென் ஊற்றினாள். கேப்டன் குடிக்காமல் கோப்பையைப் பிடித்தபடி ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார். நீலக் கோடு மாடிப்படி இறங்குவது போல் ஒரு படி இறங்கியது.

எழுபத்தெட்டு.

கேப்டன் எழுந்தார். கயிற்றை அவிழ்த்தார். பூட்ஸைக் கழற்றினார். வெறுங்காலோடு வாசலிலிருந்து குளிர்சாதனப் பெட்டி வரை, தான் அன்றைக்கு வழுக்கிய அதே பாதையில், ஏழு மீட்டரும் நடந்துபோய்த் திரும்பினார்.

“சம்பந்தி,” என்றார்.

கதவுக்குப் பின்னாலிருந்து ஙா ஓடி வந்து அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மியென் முகத்தைத் துடைத்துக்கொண்டே, வெந்நீர் இயந்திரத்தை இன்றைக்கே மாட்ட வேண்டும் என்றாள். ஒன்பது தட்டுக்கும் ஆள் சொல்லிவிடு என்று லாமிடம் பேச, கேப்டன் ஃபோனோடு வாசலுக்குப் போனார். “எண் பாத்துட்டேண்டா, என் கண்ணு முன்னால இறங்குச்சு,” என்ற அவர் குரல் சந்து முழுக்கக் கேட்டது.

வின் நாற்காலியில் சாய்ந்து, வாழ்க்கையில் முதல் முறையாகத் தான் எழுதிய ஒன்றைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

லோவான் அம்மா ஓர் ஆரஞ்சுச் சுளையை வாயில் போட்டு, நிதானமாக மென்று விழுங்கினார். பிறகு மேசையிலிருந்த சிவப்பு டப்பாவைத் தலைகீழாகத் திருப்பி வின்னின் பக்கம் தள்ளினார். அடியில் எட்டு ஆணி ஓட்டைகள். உள்ளே ஒரு சிவப்புக் கண் சிமிட்டியது.

“வைக்க இடமில்லாம மூணு வாரமா இதை எங்க வீட்டுக் குளியலறை அலமாரியிலதான் போட்டு வச்சிருந்தேன், சம்பந்தி,” என்றார் தணிந்த குரலில். “ஜன்னல் வைக்காமக் கட்டினவனைக் கல்லைக் கட்டிக் கடல்ல இறக்கணும்னு அவர் சொன்னாரே, அதுக்கு நீங்கதான் சாட்சி.”